விருந்து நாட்களில் வயிறு நோகாமல் சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை விருந்து முடிந்த மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் கேட்கும் கேள்விகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். விருந்துக்குப் போகாதீர்கள், இனிப்பைத் தொடாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள். இரைப்பை தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அதற்கு நேரம் கொடுத்தால் பாதித் தொல்லை வராது. கீழே உள்ள பல பதில்கள் இதை ஒட்டித்தான் போகின்றன.

மதியம் விருந்து என்றால் காலையில் பட்டினியாக இருப்பது நல்லதுதானே?

நல்லதில்லை. வயிறு காலியாக இருக்கும் நேரம் நீள நீள, இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும். 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. அப்படி அகோரப் பசியோடு போய் உட்கார்ந்தால் யாராலும் நிதானமாகச் சாப்பிட முடியாது. முதலில் கண்ணில் படுவது எண்ணெய்ப் பலகாரம் என்றால், முதல் ஐந்து நிமிடத்தில் அதுதான் உள்ளே போகும்.

விருந்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு முட்டையும் பழமும் போதும். முட்டை வேண்டாதவர்கள் கொஞ்சம் தயிரோ பருப்போ எடுத்துக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வேளை தவறவே கூடாது. அவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அது வயிற்று உபாதையைவிடப் பெரிய ஆபத்து.

வயிறு எவ்வளவுதான் கொள்ளும்? சாப்பிட்டது உள்ளே என்ன ஆகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றப் பதில்கள் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலியான இரைப்பை ஒரு மூடிய கைக்குள் அடங்கும் அளவுதான். அதன் கொள்ளளவு 100 மில்லி லிட்டர்கூட இருக்காது. உணவு இறங்கத் தொடங்கியதும் மேல் பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். ஒரு லிட்டர், அதற்குச் சற்று மேல் வரை உள்ளே போனாலும் பெரும்பாலானவர்களுக்கு இறுக்கம் தெரியாது. அதற்கு மேல் போகும்போதுதான் 'மூச்சு முட்டுகிறது' என்கிறோம்.

கீழ்ப் பகுதிதான் அரைக்கும் இடம். நிமிடத்துக்கு மூன்று முறை அங்கே ஓர் அலை எழுந்து உணவைக் கீழ்நோக்கித் தள்ளும். இரைப்பையின் கடைசியில் இருக்கும் சிறு வாசலோ ஒன்று, இரண்டு மில்லி மீட்டருக்குமேல் பெரிய துணுக்குகளை லேசில் விடாது. பெரிதாக இருப்பது திரும்ப உள்ளே வந்து மறுபடி அரைபடும். நன்றாக மென்று விழுங்கியது சீக்கிரம் அந்த வாசலைத் தாண்டும். அவசரத்தில் விழுங்கிய பெரிய துண்டு திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு கிடக்கும்.

அப்புறம், கொழுப்பு. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, 'மேலிருந்து இப்போதைக்கு அனுப்பாதே' என்று இரைப்பையை நிதானப்படுத்துகிறது. சாதாரணச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடும். எண்ணெயும் நெய்யும் வெண்ணெயும் மிதக்கும் விருந்துச் சாப்பாட்டுக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டது மாலை ஆறு மணிக்கும் கல்லு மாதிரி இருக்கிறது என்றால் வயிறு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது இன்னும் வேலையை முடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன் தலையில் அடுத்த பலகாரத் தட்டை இறக்குவதுதான் நாம் செய்யும் கெடுதல்.

மெதுவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போது அது முடிகிறதா?

முடியும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேர 15, 20 நிமிடம் ஆகும் என்பது கேள்விப்பட்டதுதான். ஆனால் 'மெதுவாக' என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது. பக்கத்தில் சாப்பிடுபவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்த கவளத்தைத் திரட்டிவிட்டிருக்கும். கரண்டி என்றால் நிரம்பி வாயருகே காத்திருக்கும். வாயில் இருப்பதை விழுங்கச் சொல்லி அவசரப்படுத்துவது அந்தக் கைதான்.

அதனால் ஒரே ஒரு பழக்கம் போதும்: வாயில் இருப்பதை விழுங்கிய பிறகுதான் கை தட்டுக்குப் போக வேண்டும். எத்தனை முறை மென்றோம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று பெரியவர்கள் சொன்னது தானாக நடந்துவிடும். பேச வேண்டும் என்றால் விழுங்கிவிட்டுப் பேசுங்கள். வாயில் உணவோடு பேசினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். பிறகு ஏப்பமாகத் திரும்பி வருவதில் பெரும்பகுதி அந்தக் காற்றுதான்.

இரண்டாம் முறை பரிமாற வரும்போது, 'பத்து நிமிஷம் கழித்து வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் எப்படி இடம் வருகிறது?

ஒரே சுவையைச் சாப்பிட்டுக்கொண்டே போனால் அந்தச் சுவையின் மீதுதான் அலுப்பு வரும், எல்லாவற்றின் மீதும் வராது. உப்பும் காரமும் சலித்துப்போன நாக்குக்கு இனிப்பு புதுசு. வகைகள் கூடக் கூட நாம் சாப்பிடும் அளவும் கூடும் என்பது 1980-களிலேயே ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. விருந்து என்றாலே வகைகள்தான். பிறகு எப்படி அளவோடு நிற்கும்?

தட்டைக் கையில் எடுப்பதற்கு முன் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். எந்த நாளும் கிடைப்பதை விட்டுவிட்டு, இந்த விருந்தில் மட்டும் கிடைப்பதை எடுங்கள். அதிலும் முதலில் எல்லாம் ஒரு வாய் அளவுதான். பிடித்ததை அப்புறம் கேட்டு வாங்கலாம். எடுத்துவிட்டோமே என்பதற்காகப் பிடிக்காததையும் தின்று முடிப்பதுதான் விருந்தில் மிக வீணான சாப்பாடு. இனிப்பை அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் ருசியும் நன்றாகத் தெரியும், அளவும் தானாகக் குறையும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துவிடுமா?

நீர்க்காது. தேவைக்கேற்ப இரைப்பை அமிலத்தைச் சுரந்துகொள்ளும். அவ்வப்போது ஒரு மிடறு குடிப்பது உணவு இறங்கவும் உதவும், வேகத்தையும் குறைக்கும். ஒரேயடியாக இரண்டு, மூன்று டம்ளர் குடித்தால் இடம் அடைத்துக்கொள்ளும், அது மட்டும்தான் சிக்கல். சோடாவும் குளிர்பானமும் வேறு கதை. அதில் இருப்பது கரியமில வாயு. ஏற்கெனவே நிறைந்த வயிற்றை அது இன்னும் விரிக்கும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் செரித்துவிட்டதாகத் தோன்றும். வெளியே போனது சோடாவின் வாயுதான். சாப்பாடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மது?

உணவுக்குழாயின் கீழே இருக்கும் வால்வை மது தளர்த்துகிறது, இரைப்பையின் உள்சுவரை உறுத்துகிறது, எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கையும் மறக்கடிக்கிறது. விடுமுறை நாட்களில் அளவுமீறிக் குடித்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதை 1978-லேயே மருத்துவர்கள் தனிப் பெயரிட்டு விவரித்திருக்கிறார்கள். குடிக்காமல் இருப்பதே நல்லது. குடிப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல், இடையிடையே தண்ணீரும் குடிக்க வேண்டும். அடுத்த நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போடுவது புண்ணில் உப்பைத் தேய்ப்பதுபோல. இரைப்பைக்கு அவையும் உறுத்தல்தான்.

விருந்து முடிந்ததும் கண் சொக்குகிறது. படுக்கலாமா, நடக்கலாமா?

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தம் வயிற்றுக்குப் போய்விடுவதால்தான் தூக்கம் வருகிறது என்று சொல்வார்கள். மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தை அப்படி விட்டுக்கொடுக்காது. நிறையச் சாப்பிட்டதும் குடலிலிருந்து கிளம்பும் ஹார்மோன்களும், பிற்பகலில் இயல்பாகவே வரும் சோர்வும் சேர்ந்துதான் கண்ணை அழுத்துகின்றன.

தூக்கம் வந்தால் சாய்வு நாற்காலியில் தலையும் மார்பும் உயர்ந்திருக்கச் சாய்ந்துகொள்ளுங்கள். மல்லாக்கப் படுத்தால் இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு ஏறிவரும். முழுதாகப் படுப்பதற்கு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். படுத்தே ஆக வேண்டும் என்றால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே இருப்பதால் அமிலம் மேலே வருவது குறையும்.

நடை இதைவிட நல்லது. பத்து, பதினைந்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். சாப்பிட்டபின் ஏறும் ரத்தச் சர்க்கரையை இந்தச் சின்ன நடை கண்கூடாகக் குறைக்கும், வாயுவும் நகரும். சாப்பிட்டதைக் கரைக்கிறேன் என்று உடனே ஓடுவதோ எடை தூக்குவதோ வேண்டாம், வயிறு பிரட்டும்.

நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

முதலில் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்துங்கள். இறுக்கமான உடை வயிற்றை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளும். நிமிர்ந்து உட்காருங்கள், இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

மருந்து என்று பார்த்தால், அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சில நிமிடங்களில் கேட்கும், ஆனால் அதிக நேரம் நிற்காது. தைராய்டு மாத்திரையோ சில ஆன்டிபயாடிக்குகளோ சாப்பிடுபவர்கள் இடையில் சில மணி நேரம் விட வேண்டும். விருந்தென்றாலே எரிச்சல் நிச்சயம் என்பவர்களுக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபாமோடிடின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுவது பொருந்தும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். அமிலச் சுரப்பை அடக்கும் ஓமிப்ரசோல் வகை மாத்திரைகள் முழுப் பலன் தர ஒன்று முதல் நான்கு நாட்கள் ஆகும். எரிச்சல் வந்த நிமிடத்தில் அதைப் போட்டுவிட்டு 'கேட்கவில்லையே' என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே சமையல் சோடாவை நிறையக் கரைத்துக் குடிக்காதீர்கள். அது அமிலத்தோடு சேர்ந்ததும் கரியமில வாயு குபுகுபுவென்று வெளியாகும். ஏற்கெனவே விரிந்திருக்கும் இரைப்பை அதில் கிழிந்துபோனதாகவே மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்தே ஏன் அந்த வம்பு?

இஞ்சி, புதினா, செரிமான மாத்திரை இவையெல்லாம் உதவுமா?

குமட்டலுக்கு இஞ்சி உதவும். இரைப்பை காலியாவதையும் அது கொஞ்சம் துரிதப்படுத்துகிறது. புதினா குடலின் பிடிப்பைத் தளர்த்தும், ஆனால் மேல் வால்வையும் சேர்த்துத் தளர்த்துவதால் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஆகாது. பொதுவான என்சைம் மாத்திரைகளால் நல்ல கணையம் உள்ளவருக்குப் பெரிய பயன் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டேஸ் மாத்திரையும், பயறு வகை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸும் நிஜமாகவே கைகொடுக்கும். அவற்றை முதல் கவளத்தோடு போட வேண்டும்; கடைசியில் போட்டுப் பிரயோஜனமில்லை.

வயிறு உப்பிப்போய் வாயு பிரிந்துகொண்டே இருக்கிறது. கூட்டத்தில் சங்கடமாக இருக்கிறது.

ஒரு நாளில் பத்து, இருபது தடவை வாயு பிரிவது ஆரோக்கியமான உடம்புக்கும் இயல்புதான். விருந்தன்று கூடுகிறது என்றால் காரணத்தைத் தேடலாம். உலகில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. ஒரு டம்ளர் பாலைத் தாங்குபவர்கூட, பாலும் பால் இனிப்பும் ஐஸ்கிரீமும் ஒரே வேளையில் சேர்ந்தால் தாங்க மாட்டார். பயறு, பருப்பு, வெங்காயம், பூண்டு, கோஸ் ஆகியவற்றில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்களுக்குத் தீனியாகி வாயுவாகும். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் இது குறையும். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் மிட்டாய்களில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியும் இதே வேலையைச் செய்யும்; நிறையத் தின்றால் பேதியே ஆகும்.

உப்பிய வயிற்றோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

உறவினர் கூட்டத்தில் மனசு சரியில்லை என்றால் சாப்பாடே இறங்குவதில்லை. இது வெறும் பிரமையா?

இல்லவே இல்லை. 1822-ல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் விழுந்த துளை மூடாமலே நின்றுவிட்டது. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாகவே இரைப்பையைப் பல ஆண்டுகள் கவனித்து, கோபம் வரும்போது செரிமானம் கெடுவதையும் குறித்துவைத்தார். இரைப்பைக்கும் மூளைக்கும் இடையே போகிற நரம்பு அத்தனை நெருக்கமானது. கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்று குடைபவர்களின் பக்கத்தில் உட்காராமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிடித்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மனசு கொதிக்கும்போது கொஞ்சம் தள்ளிப்போட்டுச் சாப்பிட்டாலும் குறைந்துவிடாது.

பயணத்தில் மலச்சிக்கல் ஆகிவிடுகிறதே?

இடம் மாறுவது, தண்ணீர் குறைவது, காலை அவசரம் மூன்றும் சேர்ந்த வினை. காலை உணவு முடிந்த அரை மணிக்குள் பெருங்குடல் நன்றாக அசையும். அந்த நேரத்தைக் கழிவறைக்கென்று ஒதுக்குங்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று அடக்கிவைத்தால் மலம் இறுகத்தான் செய்யும். பழமும் காய்கறியும் தினமும் சேரட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்?

காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து அதற்குப் பிறகு என்று வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். 'இன்று இனிப்பு அதிகம், அதனால் இரண்டு மாத்திரை' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

குழந்தைகளையும் முதியவர்களையும் எப்படிக் கவனிப்பது?

குழந்தை 'போதும்' என்றால் போதும்தான். தட்டைக் காலி செய்ய வைப்பது அதன் பசி, நிறைவு இரண்டையும் உணரும் திறனைக் கெடுக்கும். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை, முழுக் கொட்டைகள் வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். முதியவர்களுக்குப் பல்லும் உமிழ்நீரும் குறைவு. சிறு துண்டுகளாகக் கொடுங்கள், சாப்பிடும்போது கேள்வி கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரே வேளையில் பெரிய சாப்பாடு வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதே சுகம்.

மீந்த உணவை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

விருந்துக்குப் பிறகு வரும் வாந்திக்கும் பேதிக்கும் 'அதிகம் சாப்பிட்டுவிட்டேன்' என்பதைக் காரணமாகச் சொல்கிறோம். பல நேரம் காரணம் வெளியே கிடந்த உணவுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் நாள் என்றால் ஒரு மணி நேரம்தான். ஆழமான பாத்திரத்தோடு உள்ளே தள்ளாமல், அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று, நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வேகவைத்த அரிசியில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பிழைத்திருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி, வெளியே கிடக்கும் நேரத்தில் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மணமும் நிறமும் நன்றாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல், கையிலோ தாடையிலோ பரவும் வலி இருந்தால் அதை வாயு என்று ஒதுக்கவே கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மாரடைப்பை வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டில் கைவைத்தியம் செய்துகொண்டிருந்த நேரத்தில் போன உயிர்கள் ஏராளம்.

கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோளுக்குப் போகும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். சில மணி நேரம் ஆகியும் விடாவிட்டால், அல்லது காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் கடும் வலி, வாந்தியில் ரத்தம், தார்போல் கறுத்த மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். வாரக்கணக்கில் விடாத நெஞ்செரிச்சல், விழுங்கும்போது சிக்கல், காரணமில்லாமல் எடை குறைதல் என்றால் விருந்தைக் குற்றம் சொல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. பட்டினி கிடக்கவா?

அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீரும் இன்னும் குடலில் இருக்கும் உணவும். உப்பு நீரைப் பிடித்துவைக்கும். உடம்பு சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரோடுதான் தங்கும். இரண்டு, மூன்று நாளில் இறங்கிவிடும். கழிவு நீக்கும் சாறு, பேதி மருந்து எதுவும் தேவையில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பட்டினியும் வேண்டாம். பசித்த பிறகு சாப்பிடுங்கள், வேளைக்கு வேளை இடைவெளி விடுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடல் நெடுக ஓர் அலை ஓடி மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளும். நடுநடுவே ஒரு துண்டு பலகாரம் வாயில் போட்டால் அந்த அலை நின்றுவிடும். விருந்து வாரத்தில் மேஜைமேல் திறந்தே இருக்கும் இனிப்பு டப்பாதான் உண்மையில் வயிற்றுக்கு ஓய்வே கொடுக்காதது. மூடி உள்ளே வைத்தாலே பாதி குறையும்.

விருந்து வைக்கும் வீட்டார் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இரவு விருந்து என்றால் படுக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது முடியும்படி தொடங்குங்கள். எண்ணெய்ப் பலகாரம் நான்கு இருந்தால் எண்ணெயில்லாத காய் இரண்டாவது இருக்கட்டும். தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எதில் பால், எதில் கொட்டைகள் இருக்கின்றன என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'இன்னும் கொஞ்சம்' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அன்பால்தான் சொல்கிறீர்கள், தெரியும். வேண்டாம் என்று கையை மறைப்பவரின் தட்டில் ஒரு கரண்டி விழும்போது, வீணாக்கக் கூடாதே என்று அவர் அதையும் சாப்பிடுவார். இரவெல்லாம் அவஸ்தைப்படுவதும் அவர்தான். உங்கள் கைப்பக்குவத்தை அவர் இன்னும் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருந்தால், ஒரு டப்பாவில் போட்டுக் குளிரவைத்துக் கொடுத்தனுப்புங்கள். நாளை பசியோடு சாப்பிடுவார்.